இமேஜ் வந்தது, டொமைன் போனது

போன முறை பார்கோட் ஸ்கானரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அக்கா ரெலிபோனில் கேட்டா: "தம்பி, உதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு? நாங்கள் பெட்டி அடுக்கிற ஆக்கள்தானே."

அக்கா கேட்டது நியாயம்தான். ஆனால் பெட்டி அடுக்குகிற இடத்திலும் இப்போது ஒரு கொம்பியூட்டர் நிற்கிறது. லேபல் அதிலிருந்துதான் வருகிறது. அது நின்றுபோனால் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது பக்கத்தில் நிற்கிற எங்களைத்தான். அதுவும் ஏஜென்சி மூலம் வந்த, வந்து மூன்று மாதம் ஆன ஒரு பொடியன் நின்றால் சொல்லத் தேவையில்லை. இந்த முறை நான் எழுதப்போவது அப்படி ஒரு இரவைப் பற்றி.

கடந்த மாசி மாதம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் சாமான் வார்க்கிற ஒரு தொழிற்சாலை. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரைக்கும் வேலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி இருக்கும், லேபல் அடிக்கிற கொம்பியூட்டர் அப்படியே உறைந்துபோய் நின்றது. அந்த இடத்தில் வேலை செய்த தம்பி மவுசை ஆட்டிப் பார்த்தான், கீபோர்ட்டைத் தட்டிப் பார்த்தான், கடைசியில் சுவரில் இருந்த ஸ்விச்சை நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போட்டான். அதன்பின் அது எழும்பவே இல்லை. கறுப்புத் திரை.

"அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை. ஸ்விச்சைத்தான் நிப்பாட்டிப் போட்டனான்," என்று என்னிடம் வந்து சொன்னபோது அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏஜென்சிக்காரர் ஒரு ரெலிபோன் அடித்து "நாளைக்கு வரவேண்டாம்" என்றால் அவ்வளவுதான். அவனுக்கு ஊரில் தாயும் இரண்டு தங்கச்சிகளும்.

மெயின்ரனன்ஸ் பார்க்கிற போர்த்துக்கேயர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயது தாண்டியவர், நல்ல கைக்காரர். வந்து பார்த்துவிட்டு ஹாட் டிஸ்க் செத்துப்போய்விட்டது என்றார். அவரிடம் ஒரு புது டிஸ்க்கும் இருந்தது, அந்தக் கொம்பியூட்டரின் இமேஜும் இருந்தது.

இமேஜ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாட் டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ், புரோகிராம், பைல், செற்றிங்ஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒரு நாள் நின்ற நிலையிலேயே பிரதி எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைப்பது. கனகாலம் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் இதை இன்றைக்கும் "கோஸ்ற் அடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நியூசிலாந்தில் எழுதப்பட்ட கோஸ்ற் என்ற புரோகிராமை 1998இல் சைமன்ரெக் கொம்பனி வாங்கியது. வீட்டுப் பாவனைக்கு விற்ற நோட்டன் கோஸ்ற் 2013இல் நின்றுவிட்டது, பெயர் மட்டும் வாயில் நிற்கிறது. எங்கள் போர்த்துக்கேயர் பாவிப்பது குளோன்சில்லா. தாய்வானில் செய்தது, காசு கொடுக்கத் தேவையில்லை.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. கொம்பியூட்டர் எழும்பியது. அதே நீலத் திரை, அதே ஐக்கன்கள் இருந்த இடத்தில். தம்பி மூச்சு விட்டான். சூப்பர்வைசர் அம்மா வந்து தன்னுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தா. உள்ளே போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வசனம் வந்தது. தமிழில் சொன்னால்: "இந்த வேர்க்ஸ்ரேசனுக்கும் பிரதான டொமைனுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது."

அந்தம்மா அதை வாசித்துவிட்டு தம்பியைத்தான் திரும்பிப் பார்த்தா. "நீ என்னத்தை அமத்தினாய்?"

இங்கேதான் விசயம் இருக்கிறது. அந்த வசனத்துக்கும் அவன் ஸ்விச்சை நிற்பாட்டியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அன்று இரவு அதை எடுத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒரு கொம்பனியின் கொம்பியூட்டர்களை எல்லாம் ஒரு சேர்வருக்குக் கீழே கொண்டுவந்து வைப்பதைத்தான் டொமைன் என்கிறார்கள். அந்த டொமைனில் ஆட்களுக்குக் கணக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கொம்பியூட்டருக்கும் ஒரு கணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. மனிதருக்கு இருப்பது போலவே கொம்பியூட்டருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்டை எந்த மனிதரும் அடிப்பதில்லை, பார்ப்பதும் இல்லை. கொம்பியூட்டர் தானே ஒன்றைச் செய்து, சேர்வருக்குத் தெரியப்படுத்தி, தானும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. வழக்கமான செற்றிங்கில் 30 நாளுக்கு ஒரு முறை தானாகவே மாற்றியும் கொள்கிறது. பழைய என்.ரி. 4 காலத்தில் இது 7 நாளாக இருந்தது. 2000ஆம் ஆண்டு அக்ரிவ் டிரெக்டறி வந்தபோது 30 ஆனது.

எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலை நினைத்துப் பாருங்கள். கதவு திறக்கிற நம்பரை மாதாமாதம் மாற்றுகிறார்கள் என்று வைப்போம். ஒரு வித்தியாசம், இங்கே புது நம்பரைத் தீர்மானிப்பது குடியிருக்கிற ஆள். தீர்மானித்து சுப்பரின்ரன்டனுக்குச் சொல்லி அவருடைய கொப்பியில் எழுதுவிக்கிறார். இப்போது அந்தக் குடியிருக்கிறவருக்கு நான்கு மாத ஞாபகம் முழுக்க அழிந்துபோனால் என்ன நடக்கும்? வாசலில் நின்று பழைய நம்பரை அடிப்பார். முகம் அதே முகம், பெயர் அதே பெயர். கதவு திறக்காது.

எங்கள் போர்த்துக்கேயர் வைத்திருந்த இமேஜ் ஐப்பசியில் எடுத்தது. அதற்குப் பிறகு மாசி வரைக்கும் அந்தக் கொம்பியூட்டர் மூன்று நான்கு முறை பாஸ்வேர்டை மாற்றியிருக்கும். இமேஜைத் திரும்பப் போட்டதும் கொம்பியூட்டர் ஐப்பசிக்குப் போய்விட்டது. சேர்வர் மாசியிலேயே நிற்கிறது. கொம்பியூட்டர் இப்போதையதையும் அதற்கு முந்தியதையும் என்று இரண்டு பாஸ்வேர்டை வைத்திருக்கும், ஒன்று பிசகினால் மற்றதைக் கொடுத்துப் பார்க்க. ஆனால் இரண்டுமே ஐப்பசிக்கு உரியவை என்றால் எதைக் கொடுத்தும் பலன் இல்லை.

இதில் பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு விசயம். 30 நாள் கொம்பியூட்டரைப் போடாமல் வைத்தால் டொமைன் வெட்டிவிடும் என்று சொல்லுவார்கள். அப்படி இல்லை. மாற்றுவதைத் தொடங்குவது கொம்பியூட்டர்தான், சேர்வர் அல்ல. ஆறு மாதம் மூலையில் தூங்கினால் ஆறு மாதமும் பாஸ்வேர்ட் மாறாமல் இருக்கும். எழும்பியதும் பழையதைக் கொடுத்து உள்ளே போய், பிறகு புதியதை மாற்றும். தூங்குவதால் ஆபத்து இல்லை. மாற்றிய பிறகு பழைய நிலைக்குப் போவதுதான் ஆபத்து.

சரி, அன்று இரவுக்கு வருகிறேன். ஐ.ரி. பார்க்கிற பஞ்சாபிக்காரர் ஒருவரை நித்திரையால் எழுப்பினோம். அவர் முதலில் சொன்னது, அந்தக் கொம்பியூட்டரிலேயே இருக்கிற அட்மினிஸ்ரேற்றர் கணக்கால் உள்ளே போகச் சொல்லி. டொமைனைச் சேராத கணக்கு அது, ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் வேறு பாஸ்வேர்ட். அவர் தன்னுடைய லப்ரொப்பில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார், போர்த்துக்கேயர் அடித்தார். பிழை. திரும்ப வாசித்தார். பிழை. மூன்றாம் முறையும் பிழை என்றதும் மற்றப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. "இமேஜ் ஐப்பசியில் எடுத்தது அல்லவா? இந்தப் பாஸ்வேர்டும் அதற்குப் பிறகு மாறிவிட்டது."

அவர்களுடைய கொம்பனியில் லாப்ஸ் என்ற ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அது உள்ளூர் அட்மினிஸ்ரேற்றர் பாஸ்வேர்டையும் இடைக்கிடை மாற்றி சேர்வரில் எழுதி வைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய இமேஜைப் போட்டால் இந்தக் கதவும் சேர்ந்தே பூட்டப்படும். முந்திய பாஸ்வேர்டுகளையும் சேர்வரில் சேமிக்கும்படி புதிய விண்டோஸ் லாப்ஸில் செய்யலாம். எங்களிடத்தில் அது செய்யப்படவில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காத வேலை. "நெற்வேர்க் கேபிளைக் கழற்று."

கழற்றினோம். கேபிள் இல்லாவிட்டால் விண்டோஸ் சேர்வரிடம் கேட்க முடியாது. அப்போது கடைசியாக உள்ளே வந்து போனவர்களை, வழக்கமாகப் பத்துப் பேரை, தன் ஞாபகத்தில் வைத்துப் பார்த்து உள்ளே விடும். போர்த்துக்கேயருக்கு அந்தக் கொம்பியூட்டரில் அட்மினிஸ்ரேற்றர் உரிமை இருந்தது, ஐப்பசியில் அவர் அதற்குள் போயும் இருந்தார். பாஸ்வேர்டை அடித்தார். பிழை! மனுசன் கீபோர்ட்டை உடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது ஐ.ரி. காரர் கேட்டார், "ஐப்பசியில் உங்கள் பாஸ்வேர்ட் என்ன?"

கொம்பனியில் 90 நாளுக்கு ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்றவேண்டும். எங்களைப் போலவே அவரும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு பின்னால் வருகிற இலக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவர். விரலை மடித்து எண்ணி ஒன்றைக் குறைத்து அடித்தார். திறந்தது. (இப்படி இலக்கம் கூட்டுவது நல்ல பழக்கம் இல்லை என்று ஐ.ரி. காரர் பிறகு சொன்னார். அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

உள்ளே போனதும் கேபிளைத் திரும்பக் குத்தினோம். தூரத்திலிருந்து திரையைப் பிடிக்கிற புரோகிராம் ஒன்றால் ஐ.ரி. காரர் உள்ளே வந்தார். விண்டோஸ் பவர்ஷெல்லை அட்மினிஸ்ரேற்றராகத் திறந்து ஒரு வரி அடித்தார். ரெஸ்ற் என்ற சொல், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு கொம்பியூட்டர், செக்கியூர், சனல் என்ற மூன்று சொல்லும் இடைவெளி விடாமல் ஒன்றாக. உறவு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிற கட்டளை அது. "பொய்" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்தது. திரும்ப அதே வரியை அடித்து, அதன் பின்னால் ரிப்பெயர் என்றும் கிரெடென்சல் என்றும் சேர்த்தார். டொமைனில் அந்தக் கணக்கைத் திருத்த உரிமை உள்ள தன்னுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தார். இந்த முறை "உண்மை" என்று வந்தது.

அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட இல்லை. கொம்பியூட்டரை நிற்பாட்டிப் போடவும் தேவைப்படவில்லை. கட்டளை செய்தது இதுதான்: புதிதாக ஒரு பாஸ்வேர்டை வைத்து, கொம்பியூட்டரிலும் சேர்வரிலும் ஒரே நேரத்தில் எழுதியது. கணக்கு அதே கணக்கு, பெயர் அதே பெயர். சூப்பர்வைசர் அம்மா தன் இன்றைய பாஸ்வேர்டால் உள்ளே போனா. நாலரை மணிக்கு முதல் லேபல் வந்தது.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. புதிய பவர்ஷெல் 7இல் இந்தக் கட்டளை இல்லை. விண்டோஸோடு கூட வருகிற பழைய 5.1இல்தான் இருக்கிறது. அது கைகொடுக்காவிட்டால் நெற்டொம் என்ற இன்னொரு கட்டளையாலும் இதே வேலையைச் செய்யலாம்.

வழக்கமாக எல்லோரும் செய்வது வேறு. கொம்பியூட்டரை டொமைனில் இருந்து வெளியே எடுத்து வேர்க்குரூப்பில் போட்டு, நிற்பாட்டி எழுப்பி, திரும்ப டொமைனில் சேர்ப்பார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் எங்கள் இரவை யோசித்துப் பாருங்கள். உள்ளூர் அட்மினிஸ்ரேற்றர் பாஸ்வேர்ட் ஒருவருக்கும் தெரியாது. வெளியே எடுத்திருந்தால் டொமைன் கணக்கும் இல்லை, உள்ளூர்க் கணக்கும் இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்ட கதைதான்.

அதைவிட மோசம் சேர்வரில் அந்தக் கொம்பியூட்டரின் கணக்கை அழிப்பது. "பழுதாய்ப் போனதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்போம்" என்று சிலர் செய்வார்கள். அழித்தால் அந்தக் கணக்கு இருந்த குழுக்கள் எல்லாம் போகும். டிஸ்க்கைப் பூட்டுகிற பிற்லொக்கரின் மீட்புச் சாவியை அங்கே வைத்திருந்தால் அதுவும் கணக்கோடு சேர்ந்து போகும். அதே பெயரில் திரும்பச் சேர்த்தாலும் சேர்வருக்கு அது வேறொரு ஆள். ரீசெற் என்று ஒரு வசதியும் சேர்வரில் இருக்கிறது, பெயரைப் பார்த்தால் இதைத்தான் செய்யும் போல இருக்கும். அதை அமத்தினாலும் கடைசியில் கொம்பியூட்டரைத் திரும்ப டொமைனில் சேர்க்கத்தான் வேண்டிவரும்.

இனி, இமேஜைப் போட முதலே இது நடக்குமா நடக்காதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சேர்வரில் ஒவ்வொரு கொம்பியூட்டர் கணக்கிலும் கடைசியாகப் பாஸ்வேர்ட் மாறிய திகதி இருக்கும். இமேஜ் எடுத்த திகதி அதற்குப் பிந்தியது என்றால் பயப்படத் தேவையில்லை. முந்தியது என்றால் திருத்துகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மணிக்கூட்டையும் ஒருக்கால் பாருங்கள். பழைய கொம்பியூட்டரில் சிறிய பற்றறி செத்திருந்தால் நேரம் பிசகி நிற்கும். சேர்வரின் நேரத்தோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவும் உள்ளே விடாது, அதைப் பாஸ்வேர்ட் பிழை என்று நினைத்து மண்டையைப் போட்டு உடைப்பீர்கள்.

பாஸ்வேர்ட் மாறுவதையே நிற்பாட்டி வைக்கவும் விண்டோஸில் ஒரு செற்றிங் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பழைய நிலைக்குப் போகிறபடி வைத்திருக்கும் வகுப்பறைக் கொம்பியூட்டர்களுக்கு அப்படிச் செய்வார்கள். மற்ற இடங்களில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பாஸ்வேர்ட் வருடக்கணக்காக மாறாமல் கிடந்தால் களவு போனாலும் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்று. டொமைனில் சேர்ந்திருக்கிற ஒரு கொம்பியூட்டரின் இமேஜை அப்படியே இன்னொரு கொம்பியூட்டரில் போட்டு இரண்டையும் ஓடவிடக்கூடாது. இரண்டும் ஒரே பெயர், ஒரே கணக்கு. ஒன்று பாஸ்வேர்டை மாற்றினால் மற்றது வெளியே நிற்கும். பல கொம்பியூட்டருக்குப் போடுவதானால் டொமைனில் சேர்க்க முதல் சிஸ்பிரெப் ஓடவிட்டு இமேஜ் எடுத்து, பிறகு ஒவ்வொன்றாகப் புதுப்பெயரில் சேர்க்கவேண்டும். ஆனால் அதே கொம்பியூட்டருக்கே திரும்பப் போட எடுக்கிற இமேஜுக்குச் சிஸ்பிரெப் ஓடவிடாதீர்கள். அது டொமைன் உறவையே துடைத்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். பதினெட்டு வயதில் புத்தகத்தை மூடியதோடு சரி. இதை வீட்டில் பழகிப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மைக்ரோசொப்ட் தன் சேர்வரை 180 நாள் பரீட்சித்துப் பார்க்க இலவசமாகத் தருகிறது. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவசப் புரோகிராமுக்குள் ஒரு சேர்வரும் ஒரு விண்டோஸும் வைத்தால் ஒரே கொம்பியூட்டரில் ஒரு முழுக் கொம்பனி. விண்டோஸ் ஹோம் டொமைனில் சேராது, புரோ வேண்டும். சேர்த்தபின் ஸ்னப்ஸொட் ஒன்று எடுத்து, கொம்பியூட்டரின் பாஸ்வேர்டைக் கட்டளையால் இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, ஸ்னப்ஸொட்டுக்குத் திரும்பிப் போங்கள். 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை, அந்த வசனம் அப்போதே வரும். பிறகு திருத்துங்கள். ஹெல்ப்டெஸ்க் வேலைக்கு இன்ரவியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்த்த அனுபவம் உதவும்.

அன்று காலை ஐ.ரி. காரர் வேலைப் புத்தகத்தில் எழுதச் சொன்னதை நான்தான் எழுதினேன்: டிஸ்க் பழுது, நான்கு மாதப் பழைய இமேஜ், கொம்பியூட்டர் கணக்கின் பாஸ்வேர்ட் பொருந்தவில்லை, திருத்தப்பட்டது. யாரும் பிழையாக எதையும் அமத்தியதாக அதில் இல்லை. சூப்பர்வைசர் அம்மா வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தா. தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் இரவும் அவன் பெயர் பட்டியலில் இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டரின் திரையில் மட்டும் சேமித்து வைத்திருந்த ஒரு புதுக் கஸ்ரமரின் லேபல் மாதிரி திரும்பி வரவில்லை. அதைத் தம்பியே இருந்து மறுபடி செய்தான்.

போர்த்துக்கேயர் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை இமேஜ் எடுக்கிறார். எடுத்த டிஸ்க்கில் ஒரு துண்டு ஒட்டித் திகதி எழுதுகிறார். தன்னுடைய பாஸ்வேர்டின் இலக்கத்தையும் அதில் எழுதப் போனார், நான்தான் தடுத்தேன்.

அடுத்த இதழில், தொழிற்சாலையில் இரசாயனச் சாமான்களின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்களை எப்படி வாசிப்பது என்று எழுதுகிறேன். அந்த அக்காவும் கட்டாயம் வாசிக்கவேண்டும்.